முதல் படத்துக்கு முந்தைய மாதங்கள்

“கையில் செல்போன் இருக்கிறது, இன்னும் என்ன சாக்கு?” குறும்பட விழா மேடைகளில் சில ஆண்டுகளாக இந்தப் பேச்சு ஓயவில்லை. பேசுகிறவர்கள் சினிமாவில் காலூன்றிவிட்டவர்கள். கேட்கிறவர்கள் அறந்தாங்கியிலிருந்தும் கந்தர்வகோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வந்த பிள்ளைகள். அத்தாட்சியாகத் தவறாமல் ‘கூழாங்கல்’ வந்துவிடும். மேலூர்ப் பக்கத்து பி.எஸ். வினோத்ராஜ் எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் படிக்கவில்லை, 2021இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கினார், ஆகவே உதவித்தொகை, நல்கை எல்லாம் வீண், திறமையுள்ளவன் எப்படியும் வந்து சேர்வான் என்று முடிப்பார்கள்.

வினோத்ராஜின் வாழ்க்கை இதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவர், சென்னையில் டிவிடி கடையில் நின்றுகொண்டே உலகப் படங்களைப் பார்த்தவர், மணல்மகுடி நாடகக் குழுவோடு இருந்து கற்றவர். அந்த ஆண்டுகளுக்கு உண்டான விலையை அவர் தன் உடம்பால் கொடுத்தார். ஒருவர் தாங்கிக்கொண்டதை எல்லோருக்கும் விதியாக்குவது கொடுமை. தாங்க முடியாமல் ஊர் திரும்பி, பைனான்ஸ் வசூலுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் பெயர் எந்த மேடையிலும் வருவதில்லை.

தமிழ்த் திரையின் வரலாற்றை எத்தனையோ விதமாக எழுதியாகிவிட்டது. புதுக்கோட்டையில் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வியோடு அதைத் திரும்பப் பார்க்கலாம். கற்றுக்கொள்ளும் மாதங்களில் சோறு போட்டது யார்?

தொடக்கத்தில் சிறுவர் நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகள் போட்டன. புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா என்கிற பி.யு. சின்னப்பா அப்படித்தான் சிறுவனாகத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவுக்கும் பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கும் போனார். அடியும் உதையும் அங்கே உண்டு. அந்தக் காலத்தை வெல்லமாக்கிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் மூன்று வேளைச் சாப்பாடும், படுக்க இடமும், பாட்டும் வசனமும் கற்றுத்தர வாத்தியாரும் கிடைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது உதவித்தொகைதான்.

சின்னப்பாவின் முதல் படம் ‘சந்திரகாந்தா’ (1936). அதை இயக்கியவரும் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? பி.கே. நாகலிங்கம் என்ற ராஜா சாண்டோ, உடற்பயிற்சி வீரராகப் பம்பாய்க்குப் போய் மௌனப் படங்களில் நாயகனானவர். சென்னைக்குத் திரும்பி அசோசியேட்டட் பிலிம் கம்பெனிக்காக ‘பேயும் பெண்ணும்’ (1930) முதலான மௌனப் படங்களை எடுத்தார். புராணக் கதைகளே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் சமூகக் கதையைத் துணிந்து கையில் எடுத்தவர். டி.கே.எஸ். சகோதரர்களின் ‘மேனகா’ (1935) அவர் இயக்கியதே. தமிழ்த் திரையின் முதல் தலைமுறை இயக்குநர்களில் இவ்வளவு முக்கியமான ஒருவரை நாம் ஒரு விருதின் பெயராக மட்டும் சுருக்கி வைத்திருக்கிறோம். மாநில அரசு ராஜா சாண்டோ விருதைத் தருகிறது, நல்லது. அது ஏற்கெனவே சாதித்தவர்களின் தோளில் விழுகிற சால்வை. ஊர்க்காரப் பையனைத் திரைக்குக் கொண்டுவந்த மனிதரின் பெயரில், இன்னும் எதையும் சாதிக்காத ஒரு பிள்ளைக்கு மாதப் பணம் தருகிற ஏற்பாடு எதுவும் நம் ஊரில் இல்லை.

ஸ்டூடியோக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், சென்னையில் ஜெமினி, காரைக்குடியில் தொடங்கிச் சென்னைக்கு நகர்ந்த ஏவி.எம். எல்லாம் மாதச் சம்பளம் கொடுத்தன. புதுக்கோட்டை ஜெமினி கணேசன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது சம்பள ஊழியராகத்தான். பிறகு அரசின் முறை வந்தது. 1945இல் சென்னையில் தொடங்கி, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர் பெயரில் இயங்குகிற திரைப்படக் கல்லூரியின் மாணவர்கள்தான் ‘அவள் அப்படித்தான்’ எடுத்த ருத்ரய்யாவும், ‘ஊமை விழிகள்’ எடுத்த ஆபாவாணனும் அரவிந்த்ராஜும். தனியார் பள்ளிகளோடு ஒப்பிட்டால் அங்கே கட்டணம் மிகக் குறைவு. ஆனால் திருமயத்துப் பிள்ளையைத் தடுப்பது கட்டணம் மட்டும்தானா? தரமணி அறை வாடகை, மெஸ் பாக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய அவனது சம்பளம் நான்கு ஆண்டுகள் வராமல் போவது. அரசின் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்கள் தருகிற மாதம் ஆயிரம் ரூபாயை மதிக்கிறேன். அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சரியாகப் போய்விடும்.

நான் கோபத்தோடு நின்று பேச விரும்புவது ஸ்டூடியோக்கள் சரிந்த பிறகு வந்த காலத்தைப் பற்றி. உதவி இயக்குநர் முறை என்று அதற்குப் பெயர். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஓர் அறைக்கு ஆறு பேர், டீக்கடையில் அக்கவுண்ட், படப்பிடிப்பு நாளில் மட்டும் பேட்டா, கதை விவாத மாதங்களில் அதுவும் இல்லை. இதைக் குருகுலம் என்று போற்றி எழுதிய பக்கங்கள் நம் பத்திரிகைகளில் ஏராளம். பசியைத் தகுதித் தேர்வாக்கிய முறையைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை. அப்பா பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களும், அசாத்தியப் பிடிவாதம் உள்ளவர்களும் நீடித்தார்கள். பெரும்பாலான பெண்களால் நீடிக்கவே முடியவில்லை. அறைக்கு ஆறு பேர் என்ற ஏற்பாட்டில் ஆலங்குடியிலிருந்து வருகிற பெண்ணுக்கு எங்கே இடம்? நம் மாவட்டத்துக்கு இம்முறை கொடுத்த பெரிய பேறு விராச்சிலை பாண்டிராஜ். சேரனிடம் உதவியாளராக இருந்து, 2009இல் ‘பசங்க’ எடுத்தார். சிறந்த தமிழ்ப் படம், வசனம், குழந்தை நட்சத்திரங்கள் எனத் தேசிய விருதுகள் குவிந்தன. அந்தப் படத்தின் பலம் முழுவதும் ஊரை உள்ளிருந்து அறிந்த கண். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியும். அதே கண் உள்ள இன்னும் எத்தனை பேரை வடபழனி அறைகள் தின்றிருக்கும் என்பதே என் கேள்வி.

பொதுப் பணம் கலையைக் கெடுக்கும் என்பாரும் உண்டு. அவர்களுக்குப் பூமணியை நினைவூட்ட வேண்டும். கூட்டுறவுத் துறை அலுவலராக இருந்த நாவலாசிரியர், சினிமாவில் முன் அனுபவம் இல்லாதவர். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில் தீப்பெட்டி ஆலைக் குழந்தைகளைப் பற்றி ‘கருவேலம் பூக்கள்’ எடுத்தார். கரிசல் மண்ணில் பிறந்த ஒருவர் அந்த மண்ணிலேயே இருந்து எடுத்த படம் அது. வணிக சினிமா நூறாண்டு காத்திருந்தாலும் அதைத் தயாரித்திருக்காது. பூமணி இரண்டாவது படம் எடுக்க அந்தக் கதவு திறக்கவில்லை என்பதுதான் நம் வெட்கம்.

அண்மைக் காலத்தில் நம்பிக்கை தருபவை உண்டு. ‘நிழல்’ திருநாவுக்கரசு ஊர் ஊராகக் குறும்படப் பட்டறை நடத்தியிருக்கிறார். மதுரையில் அமுதனின் ‘மறுபக்கம்’ 1998 முதல் ஆவணப்பட விழா நடத்துகிறது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச) சிற்றூர்களுக்கும் உலகப் படங்களைக் கொண்டுபோகிறது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் படங்கள் திரையிடப்படுகின்றன. இவை கண்ணைத் திறக்கின்றன, ஆனால் சில நாட்கள்தான். நாட்களைத் தாண்டி மாதங்களுக்குப் பொறுப்பேற்றது வெற்றிமாறனின் பன்னாட்டுத் திரை பண்பாட்டு ஆய்வகம். பின்தங்கிய வீட்டுப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, தங்க இடமும் உணவும் கொடுத்து, கட்டணம் இல்லாமல் பயிற்சி தருகிறது. தமிழ்நாட்டில் இத்துறையில் நடந்த மிகச் சரியான காரியம் இதுவே. குறை ஒன்றுதான், பிள்ளை மறுபடியும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

கேரளம் இன்னொரு வழியைக் காட்டியது. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2019 முதல் பெண் இயக்குநர்களுக்கும், அடுத்துப் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை கொடுத்தது. ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரெ’ அப்படி வந்த படம். 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத் திரைப்படக் கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன், இவர்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும், தொகையையும் பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்கலாம் என்று பேசி, அங்கேயே எதிர்ப்பைச் சந்தித்தார். அடூர் படித்தது அரசு நடத்திய புனே கல்லூரியில். அவரது முதல் படமான ‘சுயம்வரம்’ திரைப்பட நிதிக் கழகக் கடனில் வளர்ந்தது. அந்தக் கைகளைப் பற்றி ஏறியவர், அடுத்து வருகிறவரின் ஏணியைப் பாதியாக அறுக்கச் சொன்னது வருத்தம் தருகிறது. செல்போன் போதும் என்பதும், இவர்களுக்கு இவ்வளவு பணம் ஆகாது என்பதும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன.

நம் மாநிலத்தில் தரமான குறைந்த செலவுப் படங்களுக்கு 7 லட்சம் ரூபாய் மானியம் இருக்கிறது. படம் முடிந்த பிறகு தயாரிப்பாளருக்குப் போகும் பணம் அது. படம் தொடங்குவதற்கு முன்னால், ஒருவர் எழுதவும் ஆட்களோடு பழகவும் எடுத்து எடுத்துத் தவறவும் வேண்டிய மாதங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

புதுக்கோட்டைக்கு இது தெரியாத பாடமில்லை. பின்னாளில் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டிக்கு எதிர்ப்பை மீறிக் கல்லூரியில் இடமும் படிக்க உதவித்தொகையும் கொடுத்தவர் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் கல்குவாரிப் பெண்களுக்கும் விவசாயக் கூலிப் பெண்களுக்கும் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் வங்கிகளைப் பேசவைத்து, பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடு செய்தார். அப்போதும் கேலி பேசினார்கள். ஊர்ச் சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டிக்கொண்டு போன பிறகு கேலி அடங்கியது.

கதைக்கா பஞ்சம்? 2017இல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்துக்கும், 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டிக்கும் சேனல் வண்டிகள் வந்தன. சில வாரங்களில் திரும்பிவிட்டன. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய மீனவர்களின் வீட்டுப் பெண்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கரைக்கும் அலைகிற மாதங்களை எந்த வண்டி படம்பிடிக்கும்? கூடவே குடியிருப்பவர்தான் பிடிக்க முடியும். ‘புதுக்கோட்டையிலிருந்து சரவணன்’ (2004) என்று ஊர்ப் பெயரோடு வந்த வணிகப் படம்கூட நாயகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டது. ஊரில் இருக்கிறவர்களின் கதைக்கு ஊரில் இருக்கிறவர்தான் காலம் ஒதுக்க முடியும்.

ஆண்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு மாதம் இருபதாயிரம், பன்னிரண்டு மாதம். மொத்தம் பன்னிரண்டு லட்சம் ரூபாய். ஒரு பெரிய நடிகரின் பட இசை வெளியீட்டு விழாவுக்கு இதைவிட அதிகம் ஆகும். மாவட்ட நிர்வாகமும், சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய்ச் சம்பாதிக்கும் ஊர்க்காரர்களும், இங்கிருந்து போய்ப் பெயர் எடுத்த திரைக்காரர்களும் சேர்ந்தால் ஒரே கூட்டத்தில் திரட்டக்கூடிய தொகை. ஐவரில் மூவராவது பெண்களாக இருக்க வேண்டும். பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கக் கூடாது. வயது வரம்பை முப்பத்தைந்துக்குக் கீழே இறக்கினால், பிள்ளை பெற்று வளர்த்த பிறகு கேமரா எடுக்க நினைக்கும் பெண்கள் அடைபட்டுப் போவார்கள். தேர்வுக் குழுவில் சென்னை இயக்குநர் ஒருவர் போதும். மற்றவர்கள் மாவட்டத்து ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களுமாக இருக்கட்டும். கருத்துப் படம் எடு, விழிப்புணர்வுப் படம் எடு என்று எவரும் கட்டளையிடக் கூடாது. ஆண்டு முடிவில் படம் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் கூடாது, முதல் படம் முடியாமல் போவதும் கற்றலின் பகுதிதான். முடிந்தால், முதல் திரையிடல் எந்தத் தெருவில் எடுத்தார்களோ அந்தத் தெருவில் நடக்க வேண்டும், சென்னைப் பிரிவ்யூ அரங்குக்கு அது அப்புறம் போகலாம். பெயர் வைப்பதில் தகராறு வேண்டாம், ராஜா சாண்டோ பெயரையே வைக்கலாம்.