களிசானும் சாறனும்

அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் உடை பற்றி எழுதுவோர், சாறனை நமதென்றும் களிசானை ஆங்கிலேயனிடம் பெற்ற கடனென்றும் இரு கூறாக்கிவிடுகின்றனர். எளிதான இப்பிரிவினை வரலாற்றின் முன் நிற்பதில்லை. சாறன் என்பது மலாய்ச் சொல். களிசான் என்பதோ போர்த்துக்கேயச் சொல், ஆங்கிலேயர் தந்ததன்று.

உடையின் வரலாறு இன்னும் விந்தையானது. 1829இல் உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தம் அலுவலர்க்குத் துருக்கித் தொப்பியையும் காற்சட்டையையும் விதித்தார். அக்கோலம் எகிப்திலும் பரவிற்று. 1882இல் தெல்-எல்-கபீரில் ஆங்கிலேயரிடம் தோற்ற ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1901 வரை இங்கு வாழ்ந்தார். கொழும்பு, கண்டி முஸ்லிம்களிடையே அவ்வுடை மதிப்புப் பெற்றமைக்கு அவரும் ஒரு காரணர். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவரின் உடையை வெறும் ஆங்கில மோகம் என்று தள்ளுவது எங்ஙனம் பொருந்தும்? நமது ஊர்களுக்கு அதனைப் பின்னர் கொணர்ந்தவை பாடசாலையும் அரசாங்க உத்தியோகமுமே என்பதை நான் மறுக்கவில்லை.

1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் தொப்பியணிந்து நீதிமன்றில் தோன்றுவது தடுக்கப்பட்டபோது மருதானையிற் பெருங்கூட்டம் கூடியது. உரிமையும் பின்னர் கிடைத்தது. காற்சட்டைக்காக யாரும் கூட்டம் கூட்டவில்லை. ஆயினும் போராடிப் பெற்ற தொப்பி பழைய திருமணப் புகைப்படங்களுள் ஒதுங்க, போராட்டமின்றி வந்த காற்சட்டை நிலைத்துவிட்டது. தொப்பி அடையாளமாக மட்டும் நின்றது. காற்சட்டை அன்றாட வேலைக்கு உதவிற்று.

நிலைத்ததும் எல்லாக் காற்சட்டையுமன்று. 1970களின் பெல்பொட்டம் வந்த வேகத்திலேயே போயிற்று. இடுப்பில் மடிப்பு வைத்து, தொடையிற் தளர்த்தி, நேராக இறக்கித் தைத்த பழைய வெட்டு மட்டும் மீண்டும் மீண்டும் தையற்கடைக்குத் திரும்புகிறது. இதற்கு நமது ஊர்களிற் தனிக் காரணமுண்டு. பள்ளிவாசலிற் குனிந்து, நெற்றி நிலந்தொட்டு, மடங்கியிருந்து தொழுபவனுக்கு இறுக்கமான காற்சட்டை பெருந்தொல்லை. இடுப்பு மடிப்பு இருக்கும்போது விரிந்து, எழும்போது ஒடுங்குகிறது. சாறனின் தாராளத்தை ஓரளவு தன்னுட் கொண்ட வெட்டு அது. அதனாற்றான் லுஹர்த் தொழுகைக்கு அலுவலகத்திலிருந்து வருபவர் உடைமாற்ற வேண்டியதில்லை.

ஆகவே சாறனை வீழ்த்தியது களிசான் என்ற புலம்பலையும் நான் ஏற்கமாட்டேன். மருதமுனைக் கைத்தறிக்குப் பெரிய அடி, 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு வந்த மலிவான இறக்குமதித் துணியாலேயே விழுந்தது. 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் அவ்வூரை விட்டுவைக்கவில்லை. நெசவாளனுக்குப் போட்டியாளன் களிசானல்லன், விசைத்தறிச் சாறனே. பகலில் மடிப்புக் கலையாத களிசானோடு அலுவல் பார்த்து, இரவில் இறக்குமதிச் சாறனை உடுத்துக்கொண்டு நாம் மரபுடை பற்றிக் கட்டுரை வரைகிறோம். இதனை எழுதும்போது நான் உடுத்திருப்பதும் அத்தகையதொரு சாறனே.