நண்டு போகட்டும், பிட்டு வரட்டும்

மட்டக்களப்புக்கு விடுமுறையில் போய் வருகிறவர்கள் ஊர் திரும்பியதும் வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் முதல் பண்டம் நண்டுக்கறிதான். பாசிக்குடாவில் கடல் குளித்து, கல்லடிப் பாலத்தில் காற்று வாங்கி, இரவுச் சாப்பாட்டில் பெரிய கொடுக்கோடு வந்த வாவி நண்டை உடைத்துத் தின்றவருக்கு அந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆனால் அது தவறான தொடக்கம் என்பதே என் கட்சி. ஒரு பிரதேசத்தின் சமையலைத் தன் அடுப்புக்குக் கொண்டுவர நினைக்கிறவர் அந்த ஊரின் விலை உயர்ந்த பொருளைத் துரத்தக் கூடாது. விருந்தாளி இல்லாத நாளில் அந்த ஊர் எதைத் தின்கிறதோ அதைப் பிடிக்க வேண்டும். மட்டக்களப்பில் அது பிட்டும் சொதியும்.

நண்டையே சாட்சிக்கு அழைக்கலாம். இலங்கைக் களப்புகளின் சேற்று நண்டு, ஈரம் காயாமல் வைத்தால், தண்ணீருக்கு வெளியிலும் சில நாள் உயிரோடிருக்கும். கொடுக்குகளைக் கயிற்றால் கட்டிக் கூடையில் அடுக்கினால் விமானம் ஏறத் தயார். சிங்கப்பூரின் பேர்பெற்ற சில்லி கிராப் தட்டுகளில் வெகுகாலமாக இடம்பிடித்திருப்பது இந்த இலங்கை நண்டுதான். அங்கே அது தக்காளியிலும் மிளகாயிலும் முட்டையிலும் புரண்டு சிங்கப்பூர்ப் பிரஜை ஆகிவிடுகிறது. கொழும்பில் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார ஆகியோர் 2011-ல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஆஃப் கிராப் உணவகத்தில் அதே இன நண்டு பூண்டோடும் ஆலிவ் எண்ணெயோடும் ஜப்பானிய சோயா சாற்றோடும் வருகிறது. இரண்டும் முதல்தரமான சாப்பாடு. இரண்டிலும் மட்டக்களப்பு இல்லை. உயிரோடு போன நண்டாலேயே ஊரைச் சுமந்துபோக முடியவில்லை என்றால், பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் கறித்தூள் பொட்டலத்தால் என்ன ஆகிவிடும்? ஸ்காபரோவிலும் பாரிஸ் லா ஷப்பேலிலும் இலங்கைக் கறித்தூள் எப்போதும் கிடைக்கிறது. அதை வாங்கிய வீடுகளெல்லாம் ஒரே மாதிரி மணப்பதும் உண்மை.

பிட்டின் கதை வேறு. சுமார் 56 கிலோமீட்டர் நீளமுள்ள மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடப்பது எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. முன்னது தென்னைக்குப் பேர்போனது, பின்னது வயலுக்கு. இரண்டு கரையும் ஒரே தட்டில் வந்து சேருவது பிட்டில்தான். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் இந்த நிலத்தில் இரு சமூகத்து உறவைச் சொல்ல வேண்டுமென்றால் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்பார்கள். உறவு எத்தனையோ தடவை கசந்தும் உவமை மட்டும் மாறவில்லை. இந்தப் பண்டத்துக்குத் தேவையானது சிவப்பரிசி மாவும் தேங்காயும் உப்பும் கொதிநீரும். நான்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். கிடைக்காதது பக்குவம். மாவைக் கருகவிடாமல், ஈரம் போய் வாசம் எழும்வரை வறுக்க வேண்டும்; வறுத்த மாவுதான் தண்ணீர் பட்டதும் களியாகாமல் நிற்கும். கேரளக் குழாய்ப்புட்டுக்குப் பழகிய கை பச்சைத்தண்ணீரைத் தெளித்துப் பிசிறும். இலங்கைக் கை கொதிநீரைக் கேட்கும். கொதிநீர் பட்ட இடத்தில் மாவு அரைவேக்காடாகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகத் திரளும். புதிதாய்ச் செய்கிறவர் இங்கேதான் பயந்து, பிழைத்துவிட்டது என்று கைவிடுகிறார். உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது. ஒரு பேணியின் விளிம்பால் அந்தக் கட்டிகளைச் சடசடவெனக் கொத்த வேண்டும். ஒட்டுகிற இடத்தில் ஒரு சிட்டிகை உலர்ந்த மாவைத் தூவி மறுபடி கொத்த வேண்டும். மணி ஒவ்வொன்றும் மிளகின் அளவுக்கு வந்து, விரலில் அழுத்தினால் நசுங்கி, விட்டால் உதிரும்வரை. அதற்குப் பிறகுதான் தேங்காய்ப்பூ. பிறகு நீற்றுப்பெட்டியோ குழலோ, இட்டிலிச் சட்டியில் விரித்த துணியோ, எதில் அவித்தாலும் பெரிய வேறுபாடு வராது. பாத்திரத்தைத் தேடி அலைவதை விட்டு, கொத்துவதில் இன்னும் ஐந்து நிமிடம் செலவழிப்பது மேல்.

இந்த உலர்ந்த மணிக்கு ஈரம் கொடுப்பது சொதி. ஆணம் என்றும் அங்கே சொல்வார்கள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள். இவற்றோடு கப்பிப்பாலை, அதாவது நீர்த்த தேங்காய்ப்பாலை, ஊற்றிக் கொதிக்கவிட்டு, விரும்பினால் இரண்டு துண்டு மீனோ இறாலோ போட்டு, கடைசியில் முதற்பாலைச் சேர்த்து இறக்கி, தேசிக்காய் விடுவது. எழுதினால் மூன்று வரிக்குள் அடங்கிவிடுகிற இந்தச் சமையலில் எல்லாமே வரிசைதான். தேங்காய்ப்பால் என்பது நீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள். புரதம் ஒரு மெல்லிய தோலாக அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. கடும் சூட்டில் அந்தப் புரதம் உருக்குலைந்தால் துளிகள் கூடி எண்ணெயாக மேலே வந்துவிடும். அதனால்தான் நீர்த்த பால் முதலில் போய்க் கொதியைத் தாங்குகிறது. கட்டியான பால் அடுப்பைத் தணித்த பிறகே வருகிறது. ஊற்றிய கணத்திலிருந்து அகப்பை நிற்காமல் துளாவுகிறது. சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி கட்டி, நடுப்பகுதி ஆடத் தொடங்கும் நேரம் இறக்குகிற நேரம். புளிப்பு இதற்கும் பிறகு. சூடு தணியாத சொதியில் தேசிக்காயைப் பிழிந்தால் பால் திரிந்துபோகும். இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டவருக்கு மட்டக்களப்பின் பாற்கறிகளில் பாதி கைவந்துவிடும்: மாங்காய், பச்சை முந்திரிப்பருப்பு, பூசணி, எல்லாவற்றுக்கும் இதே இலக்கணம்.

திருநெல்வேலி வாசகர் இங்கே குறுக்கிடுவார்: இதை எங்களுக்குச் சொல்லித்தர மட்டக்களப்பு எதற்கு, மறுவீட்டு விருந்தில் மூன்று பாலும் எடுத்துச் சொதி வைப்பவர்கள் நாங்கள் அல்லவா? நியாயமான கேள்வி. ஆனால் நெல்லைச் சொதி பாசிப்பருப்பும் காய்கறிகளும் சேர்ந்து கனத்து, விருந்தின் நடுநாயகமாக உட்காருகிறது. மட்டக்களப்புச் சொதி மெலிந்தது. பிட்டை நனைப்பதற்காகவே பிறந்தது. அது தனியாக ருசிக்கத் தொடங்கினால் பிட்டு தோற்றுவிடும். நெல்லைக்காரர் இதைச் செய்யும்போது தன் கைப்பழக்கத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பாலைக் கையாளும் வித்தை அவருக்கு ஏற்கெனவே தெரியும். தகரப்பால் விஷயம் இன்னொரு வாதம். தேங்காய் திருவ நேரமில்லாத வீடுகளில் தகரப்பால் கூடாது என்று சொல்வது கொடுமை. அதில் பெரும்பாலும் குவார் பிசின் போன்ற நிலைப்படுத்திகள் சேர்த்திருப்பார்கள். எவ்வளவு கொதித்தாலும் எளிதில் பிரியாது. வசதிதான், ஆனால் முழுத் தகரத்தையும் முதலிலேயே கவிழ்க்கச் சொல்லும் வசதி. கால்பங்கை மூன்று பங்கு நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, மீதியைக் கடைசிக்கு நிறுத்தி வையுங்கள், வரிசை காப்பாற்றப்படும். தேங்காய்ப்பால் மாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பலவற்றில் பசும்பால் புரதம் கலந்திருக்கிறது, சொதியில் அது தெரிந்துவிடும்.

வலுவான ஆட்சேபணை மீனைப் பற்றியது. வாவி இல்லாமல் வாவிச் சமையல் எப்படி? இதற்கு வாவியே ஒரு பாடம் வைத்திருக்கிறது. கடல்வாயிலின் மணல்திட்டு அடைத்திருக்கும்போதும் திறந்திருக்கும்போதும், மாரி மழை நிரம்பும்போதும் கோடையில் வற்றும்போதும் அதன் உப்பு மாறுகிறது. இறாலும் நண்டும் சுற்றியுள்ள உப்புக்கு ஈடுகட்டத் தம் சதையில் அமினோ அமிலங்களைக் கூட்டிக் குறைக்கின்றன; இனிப்புச் சுவை தருபவையும் அவற்றில் அடக்கம். உப்பு குறைந்த நீரின் மீனில் சேற்றுவாசம் ஏறலாம். அந்த வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள் புளிப்பில் சிதையக்கூடியது. பழப்புளியும் கொறுக்காயும் அந்தக் கரைகளின் மீன்கறியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆக ஒரே வாவியின் மீனும் ஆண்டு முழுவதும் ஒரே மீன் அல்ல. அங்குள்ள சமையற்காரியும் புளியை அளந்து போடுவதில்லை, மீனைப் பார்த்துப் போடுகிறாள். அந்தப் பார்வையைச் சென்னையிலிருந்தும் பழகலாம். வடக்கே பழவேற்காடு இருக்கிறது, உவர்நீர் ஏரி. மடவையும் கொடுவாவும் இறாலும் அங்கே உண்டு. (டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், 1638-ல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். இரண்டு இடத்திலும் அவர்கள் என்ன மீன் தின்றார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் படிக்கச் சுவையாயிருக்கும்.) பழவேற்காட்டு மடவையில் வைத்த சொதி, உறைந்த கடல்மீன் துண்டில் வைத்ததைவிட மட்டக்களப்புக்குக் கிட்ட நிற்கும்.

அசல் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. எந்த அசல்? மிளகாய் போர்த்துக்கேயர் காலத்தில் கடல் கடந்து வந்தது. சம்பலில் இடிக்கும் மாசி மாலைதீவிலிருந்து வந்த வழக்கம். இன்று ஏழை வீட்டுச் சட்டியில் கொதிக்கும் திலாப்பியா 1950-களில் இலங்கைக்குள் விடப்பட்ட ஆப்பிரிக்க மீன். பொருட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. அவற்றை வாங்கிய கை மட்டும் தொடர்ந்து வந்தது. அந்தத் தொடர்ச்சிக்கு ஒரு சமூகக் காரணமும் இருக்கிறது. மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகிறது, மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சமையலைப் பற்றிச் சொல்லவில்லை, முடிவு என்னுடையது: தாயின் குசினியே மகளின் குசினியாகும் ஊரில் சமையற்குறிப்பு எழுதவேண்டிய அவசியம் அதிகம் எழவில்லை. மாமியார் வீட்டுப் பக்குவத்துக்குப் பழகவேண்டிய சங்கடமும் அங்கே குறைவு. எழுதாமல் வாழ்ந்த ஒன்றை எழுதிய குறிப்பை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அந்த ஊர் எருமைத் தயிரும் அப்படித்தான். மண்சட்டி எந்த ஊரிலும் கிடைக்கும், எப்போது உறை விடுவது என்பது பாலைத் தொட்டுப் பார்த்த விரலுக்குத்தான் தெரியும்.

ஆகவே அடுத்த விடுமுறைக்கு மட்டக்களப்புப் போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதைக் கடற்கரைக்குக் கொடுக்காமல், தங்கியிருக்கும் வீட்டுக் குசினிக்குக் கொடுங்கள். பிட்டுக் கொத்தும் கையையும் பால் ஊற்றும் நேரத்தையும் பாருங்கள். இடையில் ஒரு தடவை பேணியை வாங்கி நீங்களே கொத்திப் பாருங்கள். அந்தக் காலைக்கான கூலியைக் கேட்டு, பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.