பேர்ல் பேங்க் கட்டடமும் கலைக்களஞ்சியத் தமிழும்

தெம்பனிசில் ரயிலேறும் மாணவர் ஒருவர், இடையே வண்டி மாறாமல் கிழக்கு மேற்குத் தடத்திலேயே சென்று ஊட்ரம் பார்க் நிலையத்தில் இறங்கலாம். ஆனால் அதனருகே குன்றின்மீது நின்ற பேர்ல் பேங்க் அடுக்குமாடிக் கட்டடத்தை அவர் இனிக் காண இயலாது. டான் செங் சியோங் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில், குதிரை லாடம் போல் வளைந்து, 38 மாடிகளுடன் 1976இல் எழுந்த அது, அந்நாளில் சிங்கப்பூரின் குடியிருப்புக் கட்டடங்களுள் மிக உயர்ந்ததாக விளங்கியது. 2018இல் கேப்பிட்டாலேண்ட் நிறுவனம் அதனை 728 மில்லியன் வெள்ளிக்கு வாங்கியது. 2020ஆம் ஆண்டிற்குள் அது இடித்து அகற்றப்பட்டது. இன்று அவ்விடத்தில் நிற்பவை வேறு கோபுரங்கள். ஆகவே இளைய தலைமுறைக்குப் பேர்ல் பேங்க் என்பது அதைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையேயாகும். அக்கட்டுரை எவரும் தொகுக்கத்தக்க இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில் அமையும்போது, அதைத் தமிழில் எழுதப் புகுவார் என்னென்ன இடர்ப்படுவர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கலைக்களஞ்சியம் தமிழுக்குப் புதிதன்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. அச்சேறிய பின் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது. விக்கிப்பீடியாவோ நாள்தோறும் மாறுவது. 'உள்ளது' என்ற ஒரு வினைமுற்று, கட்டடம் வீழ்ந்த நாளில் 'இருந்தது' என்று மாறியாக வேண்டும். ஆங்கிலக் கட்டுரையின் பழைய படியைப் பெயர்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பாராதவர், இல்லாத கட்டடத்தில் மக்களைக் குடியிருத்தி விடுவர்.

பெயரிலும் இடறல் உண்டு. தனித்தமிழ் ஆர்வம் மிக்க மாணவர் 'முத்துக் குன்று' என்று எழுதி மகிழக்கூடும். அக்குன்றின் பெயருக்கும் முத்துக்கும் தொடர்பே இல்லை. 1819இல் ராஃபிள்சை ஏற்றி வந்த 'இந்தியானா' கப்பலின் தலைவர் ஜேம்ஸ் பேர்ல் என்பவரின் பெயரே அக்குன்றுக்கு இடப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அதே கப்பலில் ராஃபிள்சுடன் வந்திறங்கியவர் நாராயண பிள்ளை. பின்னாளில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் எழக் காரணமாயிருந்தவரும் அவரே. பெயரை மொழிபெயர்த்தவர் தமிழரோடு தொடர்புடைய ஒரு செய்தியைத் தம்மையறியாமலே புதைத்துவிட்டார் என்று கூறுவது மிகையன்று. (அச்செய்தி குன்றைப் பற்றிய கட்டுரைக்கு உரியது, கட்டடத்தைப் பற்றிய கட்டுரையில் ஒரு தொடருக்கு மேல் அதற்கு இடமில்லை.) தெம்பனிஸ் என்பதும் ஒரு மரத்தின் மலாய்ப் பெயரால் வந்ததுதான், அதை எவரும் மரவூர் என்று எழுதத் துணிந்ததில்லை.

கலைச்சொற்களைப் பொறுத்தவரை பெருங்குறை இல்லை. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கப் பணிகளை ஆற்றிய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் ஆதலின், அத்துறைச் சொற்கள் அங்குத் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. கொழும்புத் தமிழர் 'தொடர்மாடி' என்பதைச் சிங்கப்பூர்த் தமிழர் 'அடுக்குமாடி' என்பர். இரண்டும் நல்ல சொற்களே. ஒரே கட்டுரையில் இரண்டும் கலந்து வருவதுதான் குழப்பம். வீட்டுரிமையாளர் அனைவரும் சேர்ந்து விற்பதை 'மொத்த விற்பனை' என்று எழுதினால், அரிசி மண்டிதான் நினைவுக்கு வரும். 'கூட்டு விற்பனை' என்பதே பொருந்தும்.

இவற்றினும் பெரிய இடர், பள்ளிக் கட்டுரைப் பயிற்சி தந்த பழக்கமாகும். 'எழில்மிகு', 'விண்ணை முட்டும்' போன்ற அடைகளுக்கு மதிப்பெண் வழங்கிய ஆசிரியர்களே இதற்குப் பொறுப்பாளர்கள். நடுநிலை என்பது அடைகளை நீக்குவதோடும் அமைவதில்லை. விற்றவரைப் பேராசைக்காரர் என்றும் காக்க முனைந்தவரைச் சான்றோர் என்றும் பிரித்து எழுதினால் கதை சுவைக்கும். ஆனால் வரலாறு அவ்வாறில்லை. 2007, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் கூட்டு விற்பனை முயற்சிகள் கைகூடவில்லை. 2014இல் கட்டடத்தைப் பாதுகாக்கும்படி நகர மறுசீரமைப்பு ஆணையத்தை நாடியவர்களும் உரிமையாளர்களே. 99 ஆண்டுக் குத்தகை 1970இல் தொடங்கியது; ஆண்டுதோறும் அது தேய்ந்து வந்தது. குழாய்கள் முதுமையுற்றன. விருப்பமும் கவலையும் ஒரே வீட்டில் குடியிருந்தன. பீச் ரோட்டின் கோல்டன் மைல் கட்டடம் 1973இல் எழுந்து, 2021இல் பாதுகாப்புக்கு உரியதாக அரசிதழில் அறிவிக்கப்பெற்றுப் பிழைத்தது. ஒன்று வீழ்ந்ததையும் மற்றொன்று நின்றதையும் இவ்வாறு ஆண்டுகளோடு அடுத்தடுத்து வைத்தாலே போதும். படிப்பவர் தாமே எண்ணிப் பார்ப்பர்.

இனி வருவதே கடினமான வினா. தெம்பனிஸ் மாணவர் ஒருவர் தம் குடும்பம் வாழ்ந்த பழைய அடுக்குமாடியைப் பற்றி எழுதுகிறார் என்று கொள்வோம். புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த திருமணம், இழவு வீட்டிற்கு நாற்காலி கொண்டுவந்து தந்த சீனக் குடும்பம், தாழ்வாரத்தில் வைத்த பொங்கல் ஆகியவற்றைப் பாட்டி சொன்னபடி சேர்க்கிறார். மறுநாள் அத்தொடர்களின் பக்கத்தில் 'சான்று தேவை' என்ற குறிப்பு நிற்கிறது. பின்னர் அவை நீக்கப்படுகின்றன. மாணவர் மனம் புண்படுகிறது. பாட்டி பொய்யா சொன்னார்?

பாட்டி சொன்னது பொய்யன்று. எனினும் நீக்கியவர் செய்ததும் பிழையன்று. வெளியான நூலிலோ இதழிலோ பிறர் சென்று சரிபார்க்கக் கூடியதையே விக்கிப்பீடியா ஏற்கும். அவ்விதி தளர்ந்தால் பாட்டியின் சொல் நுழையும் வாயிலாகவே வீட்டுத் தரகரின் விளம்பரமும் நுழையும். குறை வேறிடத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் தமிழர் வாழ்ந்த வாழ்வைத் தமிழ் எழுத்தாளர் கதையாக எழுதிய அளவிற்குச் செய்தியாக எழுதினாரல்லர். 1965 முதல் 2015 வரை வெளியான ஏறத்தாழ 350 இலக்கிய நூல்களைத் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தினர் 2015இல் மின்வடிவாக்கினர். அவற்றுள் வரும் சிறுகதை ஒன்றைக் காட்டி, 'இக்கட்டடம் இலக்கியத்தில் இவ்வாறு இடம்பெற்றது' என்று எழுதலாம். 'இங்கு இது நிகழ்ந்தது' என்று எழுதலாகாது. மாணவர் இவ்வேறுபாட்டை உணர்வது, இலக்கணத்தில் ஓர் இயல் கற்பதற்கு நிகரானது.

பாட்டியின் சொல்லைச் சான்றாக்கும் வழிகள் அடைபட்டுவிடவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் நேர்காணல்களைத் திரட்டி வருகிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் தேடலாம். 'என் வீடு' என்று ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர், முதியவர் ஒருவரிடம் புளோக் எண், ஆண்டு, மாடி ஆகியவற்றோடு கேட்டெழுதச் சொல்லலாம். அவற்றுள் தேர்ந்தவற்றைத் தொகுத்து நூலாக்கி நூலகத்தில் சேர்க்கலாம். இதற்கு ஓர் ஆண்டேனும் ஆகும். அதுவரை நீக்கப்பட்ட தொடர் எங்கும் போய்விடாது. கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில், எழுதிய நாளும் நேரமும் குறிக்கப்பெற்று, அது அவ்வாறே இருக்கும்.