எஸ்ராவின் வினாவும் அகஸ்தீனின் விடையும்

யூத, ஆதிக் கிறிஸ்தவ சிந்தனைகளில் காலம் பற்றிய கருத்து, துன்பம் பற்றிய வினாவிலிருந்து பிரித்தறியப்படக் கூடியதன்று. இவ்விரண்டையும் ஈன்ற வரலாற்றுச் சூழலை இரு நூலாசிரியர்வழி நோக்குவோம்.

கி. பி. 70இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. யூதர் தம் ஆலயத்துக்குச் செலுத்திய பணம், அதன்பின் உரோமரின் யூப்பிற்றர் கோயிலுக்குரிய வரியாக மாற்றப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியளவில் எழுந்த எஸ்ராவின் நான்காம் நூல், முன்னர் பபிலோனியர் அந்நகரை அழித்த நிகழ்ச்சியைக் களமாகக் கொள்ளினும், அதன் கழுகுக் காட்சி சுட்டுவது உரோமப் பேரரசையே. துன்பம் பாவத்தின் தண்டனை என்னும் மரபு விளக்கம் எஸ்ராவுக்குப் போதவில்லை. அழித்தோர் அழிந்தோரிலும் நல்லவரோ என வினவும் அவர், மனித நெஞ்சிலுள்ள தீய வித்து ஏன் அகற்றப்படவில்லை எனவும் வாதிடுகிறார். வானதூதர் ஊரியேலின் விடை காலத்தைப் பற்றியது: மாதம் நிறைந்த கருவைத் தாய் தடுத்து வைக்கவியலாதது போல, இவ்வுலகின் முடிவும் வந்தே தீரும். இங்கே காலம் என்பது பேரரசின் ஆயுளுக்கு இடப்பட்ட எல்லையாகும்.

அகஸ்தீனிடம் (கி. பி. 354-430) இந்நிலை மாறுகின்றது. நினைவு, கவனம், எதிர்பார்ப்பு என்னும் உளச் செயல்களிலே அவர் காலத்தைக் காண்கிறார். தீமை தனிப்பொருளன்று, நன்மையின் குறைபாடே என்பது அவர் துணிபு. தாம் முன்னர் சார்ந்திருந்த மனிக்கேய சமயத்தின் இருமைவாதத்தை மறுப்பதற்கு இக்கருத்து அவருக்கு இன்றியமையாததாயிற்று. 410இல் உரோமாபுரி சூறையாடப்பட்டபின் எழுதத் தொடங்கிய 'இறைவனின் நகரம்' நூலில், உரோமை நிலையானது என்பதை மறுக்கும் அவர், முடிவுநாளைக் கணிக்கும் முயற்சியையும் மறுக்கிறார்.

அகஸ்தீனின் தத்துவச் சாதனையை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயின், ஆலயத்தை இழந்து வரியும் செலுத்தியவருக்குத் தீமை வெறும் குறைபாடன்று. அதற்குப் படையும் கருவூலமும் இருந்தன. தீமையின் மூலம் தனிமனித விருப்பாற்றலிலே தேடப்படும்போது, எஸ்ராவின் வினா தீர்க்கப்படவில்லை, இடம் மாற்றப்படுகின்றது.

எஸ்ராவின் நூலுக்கும் வரம்புண்டு. மீட்கப்படுவோர் சிலரே என ஊரியேல் கூற, அழியவிருக்கும் பலருக்காக எஸ்ரா மன்றாடுகிறார். அம்மன்றாட்டு ஏற்கப்படவில்லை, எனினும் நூல் அதனை மறைக்கவுமில்லை. எபிரேய மூலம் மறைந்தொழிய, இந்நூலைப் பேணிக் காத்தவர் கிறிஸ்தவரே. அகஸ்தீனின் விடையை ஏற்ற மேலைத் திருச்சபையும் அவ்வினாவை இலத்தீன் மொழியிற் காத்து வந்தமை நம் கவனத்துக்குரியது.