அடி தாளில் இல்லை, செவியில்

பங்கு மலர்களிலும் ஆண்டு விழா மலர்களிலும் கவிதை என்னும் பெயரில் வருவனவற்றை வாசிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. ஓர் உரைநடை வாக்கியத்தைத் துண்டுகளாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுவிட்டால் அது கவிதையாகிவிடுமா?

விடை காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்த பகுதியில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். மரபுக் கணக்கின்படி 1017-இல் இராமானுசர் பிறந்த ஊர் அது. அவர்மீது திருவரங்கத்தமுதனார் பாடிய இராமானுச நூற்றந்தாதி வைணவக் கோயில்களில் இன்றும் ஓதப்பெறுகிறது. அதன் யாப்பை மட்டும் இங்கே நோக்குவோம்.

அதன் 108 பாடல்களும் கட்டளைக் கலித்துறையால் ஆனவை. பாடலுக்கு நான்கு அடி. அடிக்கு ஐந்து சீர். புள்ளி எழுத்துகளை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடியில் 17 எழுத்தும் இருத்தல் வேண்டும். ஓர் எழுத்துக் குறைந்தாலும் பயின்ற செவி அதை உணர்ந்துவிடும். ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாவதால், ஈற்றடி முடிந்த பின்னும் காதில் நிற்கிறது.

இங்கே மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. பழைய ஏடுகளில் செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. ஓலையின் ஓரம் வரை எழுத்துகள் தொடர்ந்தே சென்றன. எனினும் அடி எங்கே முடிகிறது என்பதில் ஓதுவோர்க்கு ஐயம் எழவில்லை. எதுகையும் சீரும் அதனை உணர்த்தின. தொல்காப்பியர் அடியை எழுத்தெண்ணி வகுத்தார். அமிதசாகரர் சீரெண்ணி வகுத்தார். அளவுகோல் வேறாயினும் இருவரும் அளந்தது ஒலியையே. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரும் தம் தொன்னூல் விளக்கத்தில் யாப்புக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். அந்த அளவைக் கற்றறிந்தே தேம்பாவணியைப் பாடினார்.

அப்படியாயின் புதுக்கவிதை கவிதையன்று என்கிறோமா? அல்ல. ந. பிச்சமூர்த்தியும், 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழும் காட்டிய வழியை நாம் மதிக்கிறோம். எழுத்தெண்ணிக்கை போனபின் அடியின் பொறுப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. இலக்கணம் நிறுத்திய இடத்தில் இப்போது கவிஞனே நிறுத்த வேண்டும். நிறுத்தியதற்குக் காரணமும் வேண்டும்.

நாமே அமைத்த ஓர் எளிய வாக்கியத்தைப் பாருங்கள்: இரவுப் பணி முடிந்து வந்த மகன் விழித்திருந்த தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதனைச் சொல்லுக்கொரு வரியாக உடைத்தால் எல்லாச் சொல்லும் ஒரே எடை பெறும். ஆகவே எதற்கும் எடை இராது. இப்படி எழுதினால்?

இரவுப் பணி முடிந்து வந்த மகன்
விழித்திருந்த தாயிடம்
ஒன்றும் சொல்லவில்லை

‘தாயிடம்’ என்று நிற்கும்போது மகன் என்ன சொல்லப்போகிறான் என நம் செவி காத்திருக்கிறது. அந்தத் தாயும் அப்படித்தானே காத்திருந்தாள்! அடுத்த அடி அக்காத்திருப்பை வெறுமையாக்குகிறது. சொற்கள் அவையே, நிறுத்தம் ஒன்றே பொருளைக் கூட்டியது.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. அந்த ஆலைகளைச் சுற்றிய வாடகை அறைகளில், வேலைநேரம் முடிந்தபின் கவிதை எழுத முயலும் இளைஞர்கள் உண்டு. சொல்வதற்கு அவர்களிடம் மெய்யான வாழ்வு இருக்கிறது. ‘உணர்ச்சி இருந்தால் போதும்’ என்று பாராட்டி அனுப்புவது அன்பைப்போல் தோன்றலாம். உண்மையில் அது அலட்சியமே. இயந்திரத்தின் முன் நுட்பமான அளவைப் பிழையின்றிக் காக்கும் கைகளுக்கு அடியின் அளவு எட்டாததன்று.

ஆகவே எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை உரக்க வாசியுங்கள். வேறொருவர் எழுதக் கேட்கட்டும். எந்த இடத்தில் அவர் தாமாகவே வரியை முடிக்கிறாரோ, அங்கே உங்கள் அடி உயிரோடு இருக்கிறது.