1200 கலோரி: யாருக்கான எண்?

எடை குறைக்க நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம் என்று எங்கே தேடினாலும், சுற்றிச் சுற்றி ஒரே எண்ணில் வந்து நிற்போம்: 1200. பல ஆப்புகளில் இது எழுதப்படாத சட்டம். உயரம், எடை, வயது எல்லாம் கேட்கும், ஏதோ கணக்குப் போடும், விடை 1200-க்குக் கீழே போனால் 1200 என்று காட்டிவிடும். எங்க பாஷையில் இதற்கு ஹார்டுகோட் என்று பேர். கோடுக்குள் ஹார்டுகோட் பண்ணின எண்ணைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதை யார், யாருக்காக, எப்போது எழுதினார்கள்?

போன வருஷம் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஒரு போஸ்டர் பார்த்தேன் (பெயர் வேண்டாம்). "8 வாரம், 1200 கலோரி சேலஞ்ச்", அதிக எடை குறைப்பவருக்குப் பரிசு. ஆண், பெண், பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட், ஆபீஸ், லைன் எல்லாருக்கும் ஒரே எண். இந்தக் கட்டுரை அந்தப் போஸ்டருக்கான விமர்சனம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எண்ணின் பூர்வீகம்

1918-ல் அமெரிக்காவில் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் 'டயட் அண்ட் ஹெல்த்' என்று ஒரு புத்தகம் எழுதினார். கலோரியை எண்ணிச் சாப்பிடும் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுபோன புத்தகம் அதுதான், லட்சக்கணக்கில் விற்றது. எடை குறைக்க விரும்பும் பெண்களுக்கு அவர் சொன்ன அளவு நாளைக்கு 1200. நூறு வருஷம் கழித்து, 2013-ல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இந்த எண் இருக்கிறது. ஆனால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: பெண்களுக்கு 1200 முதல் 1500, ஆண்களுக்கு 1500 முதல் 1800. அதாவது 1200 என்பது பெண்களுக்கான வரம்பின் அடிமட்டம். தரையை எடுத்து இலக்காக மாட்டிவிட்டோம், அதுவும் ஆண்களையும் சேர்த்து.

அதே 1918-ல் நம்ம குன்னூரில் இன்னொரு வேலை தொடங்கியது. ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்னப் பிரிவு ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து, 1950-களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1935 முதல் 1945 வரை குன்னூரில் இயக்குநராக இருந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். நடுத்தர உழைப்பு உழைக்கும் இந்தியருக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அவர் சொன்ன கணக்கைத்தான் 1957-ல் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்ச கூலிக்கு அடிப்படையாக எடுத்தது. அந்த எண் 2700.

ஒன்று எடை குறைக்க, இன்னொன்று கூலி நிர்ணயிக்க. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2700-க்கு ஒரு நேர்மை உண்டு. "இது நடுத்தர உழைப்புக்கு" என்று நிபந்தனையோடு வருகிறது. 1200 எந்த நிபந்தனையும் இல்லாமல் வருகிறது.

ஒரே 1200, மூன்று பேர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரும்பாலான ஆப்புகள் பயன்படுத்துவது 1990-ல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையை (கிலோ) 10 ஆலும், உயரத்தை (செ.மீ) 6.25 ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும்; பிறகு ஆணுக்கு 5 கூட்டணும், பெண்ணுக்கு 161 கழிக்கணும். சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது இவ்வளவு. அதை உழைப்புக்கு ஏற்ப 1.2 (உட்கார்ந்த வேலை), 1.55 (நடுத்தரம்) என்று பெருக்க வேண்டும். இனி வருபவர்கள் மூவரும் உதாரணத்துக்காக.

முதலாமவர் 55 வயது, 148 செ.மீ, 58 கிலோ, உட்கார்ந்த வேலை பார்க்கும் பெண். நாள் செலவு சுமார் 1283. 1200 சாப்பிட்டால் பற்றாக்குறை வெறும் 83. ஒரு மாதம் கழித்து "ஒண்ணுமே குறையலை" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார்.

இரண்டாமவர் 26 வயது, 152 செ.மீ, 62 கிலோ, எட்டு மணி நேரம் நின்றுகொண்டு அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண். நடுத்தர உழைப்பு என்று வைத்தால் செலவு 1982, பற்றாக்குறை 782.

மூன்றாமவர் 34 வயது, 170 செ.மீ, 80 கிலோ ஃபிட்டர். செலவு 2631. அவருக்கு 1200 என்றால் பற்றாக்குறை 1431. பாதிக்கு மேல் கட். இதே ஆள்தான் பிரஸ் மெஷின் பக்கத்தில் நிற்கிறார். தலை சுற்றினால் அது எடை குறைப்புப் பிரச்சினை இல்லை, சேஃப்டி பிரச்சினை.

இரண்டாமவரிடம் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆப்பில் "உங்கள் வேலை எப்படிப்பட்டது?" என்ற இடத்தில் அவர் "உடற்பயிற்சி செய்வதில்லை" என்று நினைத்து உட்கார்ந்த வேலையை டிக் பண்ணினால் செலவு 1535 ஆகிவிடும். 500 கழித்தால் 1035, உடனே ஆப் 1200 என்று நிறுத்தும். நடுத்தரம் என்று டிக் பண்ணியிருந்தால் 1482. ஒரே ஆள், ஒரே உடம்பு. ஒரு டிக்கில் 280 கலோரி போச்சு. கிட்டத்தட்ட ஒரு வேளை டிபன். இந்த ஆப்புகள் "உழைப்பு" என்றாலே ஜிம் என்று புரிந்துகொள்பவர்களுக்காக எழுதப்பட்டவை. ஐ.சி.எம்.ஆர் வகைப்பாட்டில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் எல்லாம் நடுத்தர உழைப்பில்தான் வருகிறார்கள். 2020 பரிந்துரைப்படி 65 கிலோ ஆணுக்கு அந்த உழைப்பில் 2710, 55 கிலோ பெண்ணுக்கு 2130.

3500 என்ற இன்னொரு பழைய எண்

"தினமும் 500 குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ" என்பதும் ஹார்டுகோட்தான். 1958-ல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி போட்ட கணக்கு: ஒரு பவுண்டுக்கு 3500 கலோரி, கிலோவுக்குச் சுமார் 7700. அப்படியே நீட்டினால் 500 வீதம் ஒரு வருஷத்தில் 23 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். யாருக்காவது நடந்திருக்கிறதா? எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. 2011-ல் கெவின் ஹால் குழு லான்செட்டில் வெளியிட்ட மாதிரிப்படி, ஒரு கிலோ நிரந்தரமாகக் குறைய நாளைக்குச் சுமார் 24 கலோரி நிரந்தரமாகக் குறைக்கணும்; அதில் பாதி குறையவே ஒரு வருஷம் ஆகும். ஆக 500-க்கு முதல் வருஷம் 10 கிலோ. இது கெட்ட செய்தி இல்லை. பழைய கணக்கை நம்பி இறங்கினவர் மூன்றாவது மாதம் எடை நின்றதும் இன்னும் 200-ஐக் குறைக்கிறாரே, அதுதான் கெட்ட செய்தி.

ரொம்பக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பலரும் மின்னசோட்டா பரிசோதனையைக் காட்டுவார்கள். 1944–45-ல் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை 24 வாரம் நாளைக்குச் சுமார் 1570 கலோரியில் வைத்தார். எடையில் கால் பங்கு போயிற்று. சோர்வு, எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. ஆனால் அவர்கள் ஆரம்பத்திலேயே ஒல்லியாக இருந்தவர்கள். கொழுப்புச் சேமிப்பு உள்ளவருக்கு அப்படியே பொருத்தக்கூடாது. 1200-ஐ எதிர்க்கிறேன் என்பதற்காக எதிர்ப்பக்கம் மிகைப்படுத்தத் தேவையில்லை.

நம்ம ஊருக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை, 53.4 சதவீதம் பேர் ரத்தசோகை.  ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருக்கவும் வாய்ப்பு உண்டு. பெண்ணுக்கு நாளைக்கு 29 மி.கி இரும்புச்சத்து பரிந்துரை. சோறும் ரசமும் இட்லியுமாக உள்ள சாப்பாட்டை அப்படியே பாதியாக்கினால் இரும்பும் புரதமும் சேர்ந்தே பாதியாகும். எடை மெஷின் இதைக் காட்டாது.

தட்டு யார் கையில்?

இந்தப் பகுதியில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில். வல்லம் வடகாலில் 2024-ல் திறந்த சிப்காட் குடியிருப்பு மட்டுமே 18,720 பேருக்கு. இவர்கள் சமைப்பதில்லை; மெனுவும் எண்ணெயும் இன்னொருவர் கையில். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கும். அங்கே கேள்வி கலோரி இல்லை, சாப்பாடு சாப்பாடாக இருக்கிறதா என்பது.

கலோரி கணக்கும் அங்கே சுலபம் இல்லை. 100 கிராம் பச்சை அரிசி சுமார் 350, அதே 100 கிராம் சோறு சுமார் 130. ஆப்பில் தப்பானதைத் தட்டினால் கணக்கு முடிந்தது. பொரியலில் 10 கிராம் எண்ணெய் கூடினால் 90. இப்படி 200, 300 தாராளமாகப் பிசகும் இடத்தில் 1200 என்று துல்லியமாகப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-வது பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது. எடை மேல் அக்கறை உள்ள நிர்வாகம் போஸ்டருக்கு முன்னால் அங்கே தொடங்கலாம்: ஒரு கரண்டி பொரியல் அதிகம், தினமும் சுண்டல் அல்லது முட்டை, நைட் ஷிஃப்டிலும் அதே தரம், எண்ணெய் அளவு எழுதிப் போடுவது.

என் ஸ்பெக்

நான் டாக்டர் இல்லை. படித்ததை வைத்து எழுதுகிறேன். ஒரு எண் வேண்டாம், ஒரு வரம்பு வைக்கலாம். உங்கள் வேலையைச் சரியாக டிக் பண்ணி வரும் நாள் செலவில் 300 முதல் 500 மட்டும் குறையுங்கள். மேலே உள்ள 26 வயதுப் பெண்ணுக்கு அது சுமார் 1500 முதல் 1700. நான்கு வாரம் பார்த்து, எடை நகர்ந்தால் தொடருங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதம் போதும், 62 கிலோவுக்கு 3 கிலோ. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதுவே பலன் தரும். குறைப்பதைச் சோறு, எண்ணெய், இனிப்பில் குறையுங்கள். பருப்பு, முட்டை, கீரையில் கை வைக்காதீர்கள். தலைசுற்றல், மாதவிடாய் தள்ளிப்போவது, முடி கொத்தாகக் கொட்டுவது வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சர்க்கரைக்கு ஊசி, மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகத் தொடங்கவே கூடாது. 800-க்குக் கீழே போவதெல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் மட்டும்.

ஒரு கடைசிக் குறிப்பு. 1957 மாநாட்டின் 2700 ஒரு குடும்பத்துக்கு ஒரே சம்பாதிப்பவர் என்று வைத்துப் போட்டது. பெண்களின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றே அதில் இருக்கிறது. இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரில் பல லைன்கள் பெண்களால்தான் ஓடுகின்றன. கூலிக் கணக்கு அவர்களைச் சம்பாதிப்பவராகப் பார்க்கவில்லை, ஆப் அவர்களை உழைப்பவராகப் பார்க்கவில்லை. 2019-ல் மத்திய அரசின் நிபுணர் குழு கூலிக் கணக்கை 2400 கலோரி, 50 கிராம் புரதம், 30 கிராம் கொழுப்பு என்று மாற்றச் சொன்னது. கலோரியோடு புரதத்தையும் சேர்த்துச் சொன்னது நல்ல முன்னேற்றம். அந்த அறிக்கையைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதணும்.