அரைப்படி பிசகாத நினைவு

தன் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லும் மூதாட்டி, தான் வாங்கிய கூலியை மட்டும் அரைப்படி பிசகாமல் சொல்வார். தஞ்சைப் பக்கத்து எளிய மனிதர்கள் பேசிப் பதிவான வாழ்க்கைக் கதைகளில் நான் நின்று நின்று ரசிக்கிற இடம் இது. "ஆயா, என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டால், "பெரிய பொயலடிச்சப்ப மூத்தவ கைக்கொழந்த, நீயே கணக்குப் போட்டுக்க" என்பார்கள். எந்தப் புயல்? 1952 நவம்பர் 30ஆ, 1977 நவம்பர் 12ஆ? அது கேட்கிறவர் பாடு. இன்னும் முந்தைய தலைமுறைக்கு மேட்டூர் அணைக்கு முன், அணைக்குப் பின் என்று காலம் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதே ஆளிடம் நடவுக்கூலி எவ்வளவு என்று கேளுங்கள். எந்தப் பண்ணை, எந்தக் களம், அளந்து போட்டவர் யார், அளக்கும்போது அவர் கட்டைவிரல் மரக்காலுக்குள் இருந்ததா வெளியே இருந்ததா என்பது வரை வரும்.

அந்தக் கட்டைவிரல்தான் வரலாறு. தஞ்சைக் கணக்கில் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் எந்த மரக்கால்? வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று என்று வைத்திருந்த வீடுகள் உண்டு. 1943இல் மன்னார்குடி வட்டத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியதை ஒட்டி எழுந்த கோரிக்கைகளில் சாட்டையடியையும் சாணிப்பாலையும் நிறுத்த வேண்டும் என்பதோடு, முத்திரை போட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் இருந்தது. உடம்பில் விழுந்த அடியும் மரக்காலில் குறைந்த நெல்லும் ஒரே பட்டியலில். பண்ணையாளின் நினைவிலும் இரண்டும் சேர்ந்தே கிடக்கின்றன. சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்ததைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், அதே குரலில், அந்த வருசம் பதர் எவ்வளவு கலந்து போட்டார்கள் என்று போவார்கள். குரல் ஏறாது. கேட்கிற நமக்குத்தான் ஏறும்.

இந்தக் குரல்களைத் தேடிப் போய்த் தொகுத்த நூல்களில் அப்பணசாமியின் 'தென்பரை முதல் வெண்மணி வரை' முக்கியமானது. தலைப்பிலேயே கால் நூற்றாண்டு அடங்கியிருக்கிறது. அதன் மறுமுனை 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒண்டிய 44 பேர், பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதிலிருந்து மூண்ட பகை என்றுதான் ஊர் இன்றும் சொல்கிறது. அரைப்படி பிசகாத நினைவு என்று மேலே சொன்னேனே, அதைப் பழக்கம் என்று எப்படித் தள்ளுவது?

1973இல் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வழக்குக் கட்டு மூடியபின் மிஞ்சியது வாய்ச்சொல். பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படம் அந்தச் சொல்லைத் தேடிப் போனது. தலைப்புக்கு அவர் தேர்ந்துகொண்டது ஊர்ப் பெயரை அல்ல, எரிந்த அந்தக் குடிசையை, ஓர் ஆளின் வீட்டை. வாய்மொழியின் வழக்கமே அதுதான். "இன்னார் வீட்டுல" என்றுதான் எந்தக் கதையும் தொடங்கும்.

கதை சொல்கிறவருக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் உம் கொட்ட வேண்டும் என்பது நம் வழக்கம். உம் நின்றால் கதை நின்றுவிடும். ஒலிப்பதிவுக் கருவி உம் கொட்டாது. ஆகவே நல்ல பதிவுகளில் கேட்பவரின் தொண்டையும் பதிவாகியிருக்கும். எந்த இடத்தில் அவர் உம் கொட்ட மறந்தார் என்பதை வைத்தே எந்த இடம் கனத்தது என்று கண்டுபிடிக்கலாம். அடுப்படியிலிருந்து ஒரு குரல் "இல்ல, அது தாளடி அறுப்புக்கு, சம்பாவுக்கு இல்ல" என்று திருத்தும். அதை ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எறிகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அந்தத் திருத்தம்தான் சாட்சியத்துக்குக் கிடைத்த சாட்சி.

டெல்டா விவசாயியின் பேச்சுக்கும் ஒலிவாங்கிக்கும் பழக்கம் புதிதல்ல. 1960களில் ஆடுதுறை 27 ரகத்தைத் திருச்சி வானொலி பரப்பிய வேகத்தில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. வானொலிக்கு வேண்டியிருந்தது ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது என்பது. நட்டவள் கதை அதற்கு வேண்டியிருக்கவில்லை.

பாட்டைத் தேடி வந்து கதையை எடுத்துப் போனவர்களும் உண்டு. புதுச்சேரி அருகே ஒரு சேரியில் வீரம்மா என்ற பெண் பாடிய பாட்டுகளைப் பதிவு செய்ய வந்த இசை ஆய்வாளர் ஜோசியன் ரசீன், பத்தாண்டுக் காலம் அவர் பேச்சைப் பதிவு செய்தார். 1995இல் பாரிசில் அது நூலாயிற்று. அதன் துணைத்தலைப்பில் 'சிரிப்பு' என்ற சொல் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவளின் கதை என்றதும் அழுகையைத் தேடுகிறவர்களுக்கு இது இடறும். வெற்றிலை எச்சிலை ஓரமாகத் துப்பிவிட்டு, பண்ணையார் வீட்டுச் சங்கதியைச் சொல்லிச் சிரிக்கும் கிழவிகளைப் பார்த்தவர்களுக்கு இடறாது.

எழுத்தில் ஏற்றும்போதுதான் பல பதிவுகள் கெடுகின்றன. "பண்ணையாரால் நான் தாக்கப்பட்டேன்" என்று அச்சில் பார்த்திருக்கிறேன். காவிரிக் கரையில் யாரும் அப்படிப் பேசியதில்லை. "நாலு சாத்து சாத்துனாரு, அதுக்கென்ன, அறுப்புக்குக் கூப்புட ஆள் அனுப்பாமயா போயிட்டாரு?" என்பதுதான் இந்தப் பக்கத்துப் பேச்சு. அடித்தவருக்கு மரியாதை விகுதி, கூடவே அவருக்கு ஒரு குத்தல். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கத் தெரிந்த வாய்க்கு, திருத்தி எழுதித் தர இன்னொருவர் தேவையில்லை.